பேரீச்சம்பழத்துக்குப் பொன்னாடை

காடியின் முன் சீட்டில் குனிந்து உட்கார்ந்து, தங்கராஜு பேரீச்சம்பழத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

வயிற்றைக் கீறு. கொட்டையை எடு. மாத்திரையை வை. அழுத்தி மூடு. அடுத்தது.

விரலில் பிசுபிசுப்பு. ஸ்டியரிங்கில் பிசுபிசுப்பு. மூக்கு அரித்தது, சொறிந்தார், இப்போது மூக்கிலும். எதிரே தண்ணீர்மலைச் சாலையோரப் பங்களாவின் பச்சை கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. பார்வையாளர் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்கு மேலே பெரிய பேனர்: ‘மூலவேர் நல்வாழ்வு மன்றம். மாத்திரை இல்லா மலேசியா. மூன்றே வாரத்தில் ஸ்டீராய்டிலிருந்து விடுதலை.’

தங்கராஜு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். ஒரு பொருளுக்குள் இருக்கக் கூடாத சாமான் இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குவது அவர் தொழில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறார். இன்று, இருக்கக் கூடாத சாமானை உள்ளே வைத்து அவரே பொருள் தயாரித்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்குப் பின்னால் அவர் மனைவி மோகனா இருந்தாள். அவள் மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் ஆகியிருந்தது.

மோகனாவுக்கு முடக்குவாதம். விரல்கள் வீங்கி, சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் தவித்த காலத்தில் ஆஸ்பத்திரியில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் விரல்கள் அவளிடம் திரும்பி வந்தன. பிறகு வருடக்கணக்கில் மாத்திரை ஓடியது. கூடவே மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முகம் நிலா மாதிரி உருண்டது. சர்க்கரை ஏறியது. கண்ணில் புரை விழுந்தது. லேசாக இடித்தாலும் தோல் ஊதா நிறத்தில் கன்றியது. இடுப்பெலும்பு மெலிந்துவிட்டது என்று ஸ்கேன் சொன்னது.

இத்தனையையும் மோகனா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத சம்பவம் தாய்லாந்து எல்லையில், பாடாங் பெசாரில் நடந்தது. ஹாட்யாய் போகும் வழியில் குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கையின் பாஸ்போர்ட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்டீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். கடைசியில் கட்டைவிரல் ரேகைதான் மோகனாவை மோகனா என்று ஒப்புக்கொண்டது.

வீட்டுக்கு வந்த கையோடு அவள் மன்றத்தின் மாத்திரைத் துறப்பு முகாமில் சேர்ந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும், மோகனாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சாந்தினி போனிலேயே எழுந்து நின்றுவிட்டது தங்கராஜுவுக்குக் கேட்டது. நாற்காலி பின்னால் போய் எதிலோ மோதிய சத்தம்.

“அங்கிள், இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. உடம்புல இதே சாமானைச் சுரக்கிற சுரப்பி ஒண்ணு இருக்கு. வெளியிலேர்ந்துதான் தினமும் வருதேன்னு அது பல வருஷமா எம்.சி. லீவு எடுத்துட்டுப் படுத்திருக்கு. திடுதிப்புன்னு எழுப்பினா எழும்பாது. பிரஷர் இறங்கும், வாந்தி வரும், மயக்கம் வரும். உயிரே போகலாம். நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வர்றேன்னு சொன்னேன்ல.”

“அவளுக்கு அவசரம், டாக்டர்.”

“எப்படியாவது மாத்திரையை உள்ள அனுப்புங்க. இல்ல, ஆளை வெளியில கொண்டு வாங்க.”

ஆளை வெளியில் கொண்டு வர முடியாது. மோகனாவே வர மாட்டாள். ஆகவே மாத்திரை. ஆகவே பேரீச்சம்பழம்.

தங்கராஜு டப்பாவை மூடி, டிஷ்யூவில் மூக்கைத் துடைத்து, கடவுளை நினைத்துக்கொண்டு இறங்கினார்.

கேட்டில் மன்றத்தின் கௌரவச் செயலாளர் பிரமிளா நின்றிருந்தார். பச்சை டி-சட்டை, கையில் டார்ச். வரிசையில் தங்கராஜுவுக்கு முன்னால் நின்றவரின் பாக்கெட்டிலிருந்து மிண்ட் மிட்டாய் பறிமுதலாகிக்கொண்டிருந்தது.

“மேடம், இது மிட்டாய்லா.”

“சின்னதா, உருண்டையா, வெள்ளையா இருந்தா அது மாத்திரை. இது மன்றத்தோட வரையறை. சட்டைப் பட்டனைக் காட்டுங்க.”

பட்டனும் சின்னதாக, உருண்டையாக, வெள்ளையாக இருந்தது. இரண்டு பட்டன்களைக் கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

“அடுத்து. நாக்கை நீட்டுங்க, அண்ணே.”

நீட்டினார். பிரமிளா டார்ச் அடித்தார்.

“தலைவலி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க.”

“போன மாசம், மேடம்.”

“நாக்கு மறக்காது. டப்பாவுல என்ன?”

“பேரீச்சம்பழம். வீட்டுக்காரிக்கு.”

பிரமிளா டப்பாவைத் திறந்தார். ஒரு பழத்தை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். அடுத்து அவர் செய்தது எந்தத் தரக்கட்டுப்பாட்டு விதியிலும் கிடையாது. வாயில் போட்டுக்கொண்டார்.

தங்கராஜுவின் இதயம் பட்டர்வொர்த் பெரி கப்பல் மாதிரி ஒருமுறை குலுங்கிக் கரையில் முட்டியது.

“கொட்டையைக் காணோமே.”

“அது... கொட்டை இல்லாத ஜாதி, மேடம்.”

“நடுவுல என்னமோ கரையுது. கசக்குது.”

“மரத்துலயே அப்படித்தான்.”

பிரமிளா மெல்வதை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் சுவரில் மன்றத்தின் கொள்கை எழுதியிருந்தது: ‘கசந்தால் இயற்கை. இனித்தால் விசாரணை.’ அதைத் திரும்பிப் பார்த்தார். முகம் தெளிந்தது. இன்னொரு பழத்தை எடுத்துக்கொண்டார்.

“டப்பா ஆய்வுக்கு இங்கயே இருக்கட்டும். நீங்க போய்ப் பாருங்க.”

உள்ளே தோட்டத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் உறவினர்கள், அந்தப் பக்கம் முகாமினர். முகாமினருக்கு மூன்று வாரமும் மௌன விரதம். விஷம் பேச்சு வழியாகத்தான் உடம்புக்குள் இறங்குகிறது என்பது மன்றத்தின் ஆராய்ச்சி முடிவு. நாக மரத்தடியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையில் கறுப்பாக ஒரு மூலிகைக் கஷாயத்தைக் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் மோகனா.

“மோகனா, மயக்கம் வருதா?”

தலையை ஆட்டினாள். இல்லை.

“வாந்தி?”

இல்லை. பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கினாள். சின்னதாகிவிட்டதாம். தங்கராஜு உற்றுப் பார்த்தார். முகம் போன வாரம் எந்தச் சுற்றளவில் இருந்ததோ அதே சுற்றளவில் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினார். கல்யாணமான ஆண் அதைத்தான் ஆட்டுவான்.

ஒருநாள் விட்டு அவர் இரண்டாவது டப்பாவுடன் வந்தபோது, பிரமிளா கேட்டுக்கு வெளியிலேயே காத்திருந்தார்.

“அண்ணே, இப்படி வாங்க. உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பழத்துல என்ன இருக்கு?”

தங்கராஜுவுக்கு வியர்த்தது. ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். வாயைத் திறந்தார்.

அதற்குள் பிரமிளா சாலையோரத்தில் சட்டென்று குந்தி உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

“பாருங்க. நாலு வருஷமா இந்த முட்டி மடங்கல. மன்றத்துல எவ்வளவோ தைலம் தடவினாங்க. உங்க டப்பா தீர்ந்த மறுநாள் காலையில மடங்குச்சு.”

“மேடம், டப்பா முழுக்கவா சாப்பிட்டீங்க?”

“ஆய்வுன்னா முழுமையா இருக்கணும்லா.”

தங்கராஜுவைக் கையோடு மன்றத் தலைவரிடம் அழைத்துப் போனார்.

அரசுப் பட்டம் பெற்ற தலைவர் டத்தோ கோகுலனின் அறையில் நான்கு சுவரிலும் டத்தோ கோகுலன் மாலையோடு நின்றிருந்தார். நடுவில் நிஜமான டத்தோ கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடப் பொது வாழ்க்கையில் ஏற்றுக்கொண்ட மாலைகளின் கனத்தால் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று பிரமிளா தாழ்ந்த குரலில் விளக்கினார். சமுதாயத்துக்காகத் தேய்ந்த கழுத்து.

“தம்பிதான் அந்தப் பழமா?” என்றார் டத்தோ. கழுத்து திரும்பாததால் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். “கொண்டாங்க.”

அன்று நான்கு பழம் சாப்பிட்டார். மறுநாள் காலை, கழுத்தை மட்டும் தனியாகத் திருப்பி, பக்கத்துச் சுவரில் இருந்த தன் படத்தைப் பல மாதங்களுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தார். கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

அன்றே செயற்குழு கூடியது. ஸ்டீராய்டுக்கு இயற்கையான மாற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவருக்கும் வழிமொழிந்தவருக்கும் ஆளுக்கு ஒரு பொன்னாடை.

“இனிமே நீங்க வரும்போதெல்லாம் மன்றத்துக்கு ஒரு டப்பா, அண்ணே,” என்றார் பிரமிளா.

“என் வீட்டுக்காரிக்கு?”

“முகாமினருக்கு வெளிச் சாப்பாடு கூடாது. சட்டம். ஆனா நீங்க மன்றத்துக்கு வேண்டியவராயிட்டீங்க. டப்பா வந்தா அவங்களுக்கு ஒரு பழம் அனுமதிக்கலாம்.”

கணக்கு எளிமையானது. மோகனாவுக்கு ஒன்று போக வேண்டுமென்றால் நிர்வாகத்துக்கு ஒரு டப்பா போக வேண்டும். மோகனாவுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரை நிர்வாகத்தின் முட்டிக்கும் கழுத்துக்கும் கரைய ஆரம்பித்தது.

“மேடம், அவளை நடுவுல கூட்டிட்டுப் போக வழி இருக்கா?”

“தாராளமா. செயற்குழு கூடி, மூணுல ரெண்டு பங்கு ஆதரவு இருந்தா போதும். ஆனா செயற்குழு இப்போ பழத்துக்குப் பேர் வைக்கிற விவாதத்துல இருக்கு. அது முடியணும்.”

தங்கராஜு வீட்டில் இரவெல்லாம் கீறினார். எடுத்தார். வைத்தார். மூடினார். மேசையில் கொட்டைகள் மலையாகக் குவிந்தன.

வெள்ளிக்கிழமை, பாசார் சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மது போனில் கூப்பிட்டார். தங்கராஜு பேரீச்சம்பழம் வாங்குவது அவரிடம்தான்.

“அண்ணே, என்ன நடக்குது? பச்சைச் சட்டை போட்டு ஏழெட்டுப் பேர் கடைக்கு வந்தாங்க. கனி ஆய்வுத் துணைக்குழுவாம். என் பேரீச்சம்பழத்துல கொட்டை இருக்குதுன்னு கம்ப்ளெயின் பண்றாங்க.”

தங்கராஜு கீறிக்கொண்டிருந்த பழத்தைக் கீழே வைத்தார்.

“எங்க அத்தா காலத்துலேர்ந்து விக்கிறோம். பேரீச்சம்பழத்துல கொட்டை இல்லாம என்ன, ஸ்பிரிங்கா இருக்கும்? கூட வந்த அந்தம்மா சொல்லுது, கொட்டை இருக்கிறது கலப்படமாம். கசக்காதது போலியாம். கடைக்கு முன்னால நின்னு நோட்டீஸ் வேற கொடுத்துட்டுப் போறாங்க. ஒருத்தர் ஒரு கிலோ வாங்கி, கொட்டையை எல்லாம் என் மேசையிலயே வச்சுட்டு, இதுக்குப் பதில் சொல்லுன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க, பாய்?”

“என்ன சொல்றது? அல்லாகிட்ட கேட்கச் சொன்னேன். அண்ணே, நீங்க எங்கிட்ட வாங்கிட்டுப் போறது இதே பழந்தானே?”

“இதேதான்.”

“அப்போ உங்ககிட்ட போனதும் கொட்டை எங்க போகுது?”

தங்கராஜு மேசையைப் பார்த்தார். “லைன் சரியில்ல, பாய்,” என்று வைத்துவிட்டார்.

மன்றத்தில் மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. நிர்வாகிகள் உற்சாகமாக இருந்தார்கள். யாருக்கும் தூக்கம் வரவில்லை. அதனால் செயற்குழு விடிய விடியக் கூடியது. எல்லாருக்கும் பசித்தது; அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மீ கோரேங் நூடுல்ஸ் பொங்குஸ் பொட்டலத்தில் வந்தது. சின்னச் சொல்லுக்கெல்லாம் கோபம் வந்தது. பொருளாளரும் உதவித் தலைவரும் பழத்தின் பெயர் விஷயத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டத்தோவின் முகம் நாளொரு சுற்றாக வளர்ந்தது. பாத்தேக் சட்டையின் மேல் பட்டன் ஒரு காலை நேரத்தில் தானாகத் தெறித்து, நல்லவேளையாக மாத்திரை வடிவில் இருந்ததால் உடனே பறிமுதல் செய்யப்பட்டது.

“டத்தோ, முகம் கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு,” என்றார் தங்கராஜு மெதுவாக.

“தெரியுதா?” டத்தோ கன்னத்தைத் தடவிக்கொண்டார். “மாத்திரையில உப்புற முகம் வேற, தம்பி. இது இயற்கையில நிறையற முகம். கண்ணாடியில பார்க்கிறப்போ எனக்கே கும்பிடணும்னு தோணுது.”

இதையெல்லாம் தங்கராஜு பொறுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு பழம். அது மோகனாவின் வாய்க்குப் போக வேண்டும். இரண்டாவது வாரம், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கண்ணாலேயே பார்த்தார். தட்டில் வந்த ஒற்றைப் பழத்தை மோகனா எடுத்தாள். இரண்டாகப் பிய்த்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தப் பார்வையை அவர் இரண்டே முறை சந்தித்திருக்கிறார்.

பிறகு பழத்தைச் சேர்த்து ஒட்டி, பக்கத்தில் நின்ற நிர்வாகியின் தட்டில் பவ்வியமாக வைத்துவிட்டாள். நிர்வாகி, வழக்கம் போல, அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தங்கராஜு காடிக்கு ஓடி வந்து டாக்டர் சாந்தினிக்குப் போன் அடித்தார்.

“டாக்டர், ஒண்ணுகூட சாப்பிடலை. இவ்வளவு நாளும் எதுவுமே உள்ள போகல.”

“இவ்வளவு நாளா? எப்படி இருக்காங்க? எழுந்து நிக்க முடியுதா?”

“கோலாட்டம் ஆடுறா.”

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது.

“என்ன ஆடுறாங்க?”

“கோலாட்டம், டாக்டர். காலையில பயிற்சின்னு ஆட விடுறாங்க. ரெண்டு கையிலயும் குச்சி. விரல் வீக்கமும் இல்ல.”

“அங்கிள், அப்படி நடக்காது.”

“நடக்குது, டாக்டர். நான் பார்த்தேன்.”

“இந்நேரம் அவங்க படுத்த படுக்கையா இருக்கணும். இல்ல, ஐ.சி.யூ.வுல இருக்கணும். அங்க என்ன கொடுக்கிறாங்க?”

“மஞ்சள், இஞ்சி, ஏதோ வேரு. கஷாயம்.”

“மஞ்சளும் இஞ்சியும் நல்லதுதான். மீன் சாப்பிடட்டும், நடக்கட்டும், எல்லாம் உதவும். மாத்திரையோட கூட. மாத்திரைக்குப் பதிலா எந்த வேரும் வந்து நிக்காது. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவங்க விழுந்தா திடீர்னுதான் விழுவாங்க. உடனே கூட்டிட்டு வாங்க. ஊசி ரெடியா வச்சிருக்கேன்.”

மறுநாள் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் இன்னும் மாத்திரை கேட்டார். அடுத்த முறை கொடுக்க வேண்டிய தேதி வரவில்லை என்று சொன்னார்கள். வீட்டில் மிச்சம் ஒரே ஓர் அட்டை. அன்று மாலை பிரமிளாவிடமிருந்து அழைப்பு வந்தது. முகாம் நிறைவு விழா. பழத்துக்கும் அதைக் கொண்டுவந்த தங்கராஜுவுக்கும் பாராட்டு. விழாவுக்கு ஒரு பெரிய தட்டு நிறைய வேண்டும்.

தங்கராஜு முடிவு செய்தார். விழாவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அடித்தாலும் சரி, போலீசைக் கூப்பிட்டாலும் சரி. கலவரத்தில் மோகனாவைக் காடியில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டுவிடலாம். கடைசி அட்டையும் தட்டில் கரைந்தது.

பங்களா தோட்டத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகிகள், வட்ட முகங்களாக, ஒரே குடும்பம் போல. பின்னால் முகாமினர், இன்னும் மௌனத்தில். மோகனா நடுவில் உட்கார்ந்திருந்தாள். விழுந்துவிடுவாளோ என்று தங்கராஜு ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விசிறியால் நிதானமாக விசிறிக்கொண்டிருந்தாள்.

பேரீச்சம்பழத் தட்டை இரண்டு பேர் பிடித்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மேளம் வாசித்தது. டத்தோ எழுந்து, தட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுக்க வசதியாக இன்னொரு முறை போர்த்தினார். சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேடையில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், வருவதாகச் சொல்லி வராதவர்கள் அனைவரையும் பெயர் சொல்லி விளித்து முடித்தார். பிறகு பேச்சு.

“ஸ்டீராய்டு என்ன செய்யும்? முதல்ல முகத்தை உருட்டும்.” கொட்டகையில் வட்ட முகங்கள் வருத்தத்தோடு ஆமோதித்தன. “பசியைக் கிளப்பும்.” பொன்னாடைக்கு அடியில் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார். “சர்க்கரையை ஏத்தும். எனக்கும் ஏறியிருக்கு. ஆனா அது பழத்தோட சர்க்கரை, அதுல வஞ்சகம் கிடையாது. அப்புறம் தூக்கத்தைக் கெடுக்கும். நேத்து விடியற வரைக்கும் நான் கண் மூடாம உட்கார்ந்து இந்த உரையைத் தயார் பண்ணினேன். கடைசியா, மனசைக் கெடுக்கும். உலகத்துலயே நான்தான் பெரிய ஆளுன்னு நினைக்க வைக்கும். என்னைப் போல பெரிய ஆளுங்க அந்த ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இருக்கு.”

பலத்த கைதட்டல். தங்கராஜுவை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை. மாலை. ஏற்புரைக்கு இரண்டு நிமிடம்.

தங்கராஜு மைக்கைப் பிடித்தார்.

“அந்தப் பழத்துல இருக்கிறது இயற்கை இல்ல. என் வீட்டுக்காரி சாப்பிடுற ஸ்டீராய்டு மாத்திரை. கொட்டையை எடுத்துட்டு நான்தான் உள்ள வச்சேன்.”

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.

“என்ன ஒரு தன்னடக்கம்,” என்றார் பிரமிளா இன்னொரு மைக்கில். “தன்னோட கண்டுபிடிப்பின் பெருமையை மருத்துவத் துறைக்கே விட்டுக்கொடுக்கிறார் அண்ணன்.”

“மேடம், நான் நிஜமாத்தான் சொல்றேன்.”

“நிஜமாத்தான் பேசறார். அதான் அவரோட சிறப்பு. அண்ணே, நேரம்.”

தங்கராஜு பொன்னாடையை விலக்கினார். ஒரு பழத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி பிளந்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்னதாக, உருண்டையாக, வெள்ளையாக இருந்தது.

மன்றத்தின் வரையறை அது. யாராலும் மறுக்க முடியவில்லை. முன்வரிசையில் மென்றுகொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“மோகனா,” என்றார் தங்கராஜு. “நீ ஒரு வேளைகூட மாத்திரை போடல. எந்த நேரமும் விழுந்துடுவே. டாக்டர் ஊசி வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. வா, போகலாம்.”

மோகனா எழுந்தாள்.

“உட்காருங்க,” என்றார் பிரமிளா. “விரதம் முடிய இன்னும் ரெண்டு நிகழ்ச்சி பாக்கி இருக்கு.”

“நீங்க உட்காருங்கக்கா.” மூன்று வாரம் பேசாத குரல் முதலில் கரகரத்தது, பிறகு கொட்டகை முழுக்கக் கேட்டது. “ஏங்க, நீங்க அனுப்பின பழம் ஒண்ணையும் நான் வாயில வைக்கல. பிச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மூணு வாரம். ஒரு துளி ஸ்டீராய்டு என் உடம்புக்குள்ள போகல. நான் விழுந்தேனா?”

“இல்ல, ஆனா டாக்டர்...”

“டாக்டர் செத்துடுவேன்னாங்க. கோலாட்டம் ஆடினேன். இந்த விரலைப் பாருங்க, வீங்கியிருக்கா? உங்க மாத்திரையும் வேணாம், டாக்டர் ஊசியும் வேணாம். இந்தக் கஷாயம் என்னைக் காப்பாத்துச்சு. இனிமே சாகிற வரைக்கும் எனக்கு இது போதும்.”

கொட்டகை எழுந்து நின்றது. முகாமினர் விரதத்தை மறந்து ஆரவாரம் செய்தார்கள். யாரோ அவளுக்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். தங்கராஜு பிளந்த பழத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். தேற வேண்டிய பொருள் தேறாமல் போவதை அவர் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். உடைந்தே தீர வேண்டிய ஒன்று உடையாமல் நிற்பதை முதல்முறையாகப் பார்த்தார். எங்கே தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

டத்தோ கோகுலன் மட்டும் கைதட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து, பாதி கடித்த பழத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கன்னத்தை அளந்து பார்த்தார். பிறகு பிரமிளாவின் பக்கம் குனிந்து ரகசியமாகப் பேசினார். காலரில் குத்தியிருந்த மைக்குக்கு ரகசியம் தெரியாது.

“ரெண்டு வாரமா நான் தின்னது ஸ்டீராய்டா? என் முகத்தைப் பாரு, என் சர்க்கரையைப் பாரு. அது உடம்பை என்ன பண்ணும்னு எனக்கு நல்லாத் தெரியும், பிரமிளா. அதுக்குப் பயந்துதானே இத்தனை வருஷமா நம்ம கஷாயத்தை நான் ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல.”